பதினேழாம் தூண்

சீனக்குடாவில் ஆறாம் இலக்க இறங்குதுறைக்கு
வரைபடம் இல்லை.
கறையான் தின்றது என்றார் திலகசிறி.
எந்த அலுமாரியின் கறையான் என்று நான் கேட்கவில்லை.
தூண்கள் பதினெட்டு மீற்றர் என்று மட்டும்
ஒரு கொப்பியின் பின்னட்டையில் பென்சிலில் இருந்தது.

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.
பதினேழாம் தூணை நானும் தட்டினேன்.
நைலோன் தலைச் சுத்தியல்,
மெழுகு வைத்து ஒட்டிய பொத்தானளவு உணரி,
மடிக்கணினி, அதற்கு நிழலாக யூட் பிடித்த குடை.
ஒரு தட்டு.
ஒலி கீழே போய் அடியைத் தொட்டுத் திரும்பியது
ஒன்பது மில்லிசெக்கனில்.
அதற்கு முன்னமே, மூன்றில்,
எதுவோ அதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியிருந்தது.

தூணைத் தந்து ஒலியைக் கேட்டால்
எந்த மாணவனும் மதியத்துக்குள் சொல்லிவிடுவான்.
ஒலியைத் தந்து தூணைக் கேட்கிறார்கள் என்னிடம்.
வந்தவரின் செருப்புச் சத்தத்தை வைத்து
அவர் வீட்டில் எத்தனை அறை என்று சொல்வதுபோல.

வெடிப்பாக இருக்கலாம்.
அன்று வார்த்தவன் மணலைக் கூட்டிப் போட்ட இடமாக இருக்கலாம்.
தூண் அங்கே இடுப்புச் சிறுத்திருக்கலாம்.
மூன்றுக்கும் ஒரே குரல்.

இதற்குள் மூதூர்ப் படகு தாண்டிப் போனது.
அதன் இயந்திர நடுக்கமும் கோட்டில் ஏறியது.
வந்ததையெல்லாம் நம்பு என்று கணினிக்குச் சொன்னேன்;
ஒரே தூணில் அது
நாற்பத்தொரு வெடிப்பு வரைந்தது.
அப்படியொரு தூண் நின்றிருக்காது,
அதன்மேல் நாங்களும்.

ஆகவே கடிவாளம்.
சமன்பாட்டின் வாலில் ஒரு சிறு எண்.
கூடினால் எந்தத் தூணிலும் குற்றமில்லை,
குறைந்தால் படகும் ஒரு வெடிப்பு.
அந்த எண் கடலில் இல்லை, கொங்கிறீற்றில் இல்லை,
நான்தான் வைக்க வேண்டும்.
இரவு, உவர்மலை வாடகை அறையில்,
வைத்தேன், அழித்தேன், வைத்தேன்.
வெளியே மான்கள் குப்பைவாளியைக் கவிழ்த்தன.
சத்தத்திலேயே தெரிந்தது.
மாடாகவும் இருக்கலாம்.

காலையில் சொன்னேன்: தலையிலிருந்து ஆறு மீற்றரில் வெடிப்பு.
கிண்ணியா நஜாத் முகமூடியில் எச்சில் தடவி
அளவுநாடாவோடு இறங்கினான்.
குமிழிகள். கனநேரம் குமிழிகள் மட்டும்.
"இருக்கு மிஸ். நகம் போகுது.
ஆனா ஆறில இல்ல. அஞ்சு நாப்பது."

யூட் கைகுலுக்கினான், கணக்கு வென்றதாம்.
திலகசிறி தேநீருக்கு ஆள் அனுப்பினார்.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை.
மூன்று மில்லிசெக்கன் உண்மை.
நஜாத்தின் நகமும் உண்மை.
மிச்சமிருப்பது நான் கேட்காமலே நம்பியது:
செக்கனுக்கு நாலாயிரம் மீற்றர் என்று
நல்ல கொங்கிறீற்றுக்குப் புத்தகம் தந்த வேகம்.
இங்கே ஒலி அப்படி ஓடவில்லை.
மூவாயிரத்து அறுநூறு.
உப்பு உள்ளே போய்க் குடியிருக்கும் தூணில்
சத்தமும் மூச்சு வாங்கித்தான் நடந்திருக்கிறது.

பிழையைத் துடைக்கவில்லை.
அதையும் ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
அடியிலிருந்து வந்த ஒன்பதை
அந்த மெதுநடையில் திரும்ப எண்ண,
பதினெட்டு அல்ல,
பதினாறு மீற்றர் இருபது.

அப்போதுதான் அந்தக் கொப்பி.
பதினெட்டு என்று எழுதியவர் தூணை அளந்திருக்க மாட்டார்.
என்னைப்போல வெயிலில் நின்று தட்டியிருப்பார்,
அதே புத்தகத்தை நம்பி.
பென்சிலில் எழுதியதற்கு
ஒரு காரணம் இருந்திருக்கும்.

பின்னேரம் வாயில் பலகையில்
இருபது தொன்னை அழித்து எட்டு என்று எழுதினோம்.
லொறிகள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன.
நிரூபி என்றார்கள்.
நாற்பது தூண் இன்னும் தட்டவில்லை என்றேன்.
ஒரு சாரதி இறங்கி வந்து
பலகையை விரலால் தொட்டுப் பார்த்தார்.
பெயின்ற் காயவில்லை.
எட்டில் பாதி அவர் கையோடு போனது.